பிக் எண்ட் பேரிங் தேய்ந்தால் என்ன செய்வது: புது செட் மட்டுமா, கிராங்க் கிரைண்டிங்கா, வேறு கிராங்கா?

இன்ஜினில் ராடு சத்தம் கேட்கிறது, அதாவது பிஸ்டனைச் சுழலும் கிராங்கோடு இணைக்கும் ராடு தட்டுகிறது. அல்லது நன்றாகச் சூடேறிய பிறகு ஐடிலில் ஆயில் விளக்கு மினுக்குகிறது. அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, ராடின் கீழ்முனை மூடியான கேப்பை இறக்கிப் பார்த்தால், ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்தில் உள்ள பிக் எண்ட் பேரிங்கின் மேல்பூச்சு போய்ச் செம்பு நிறம் தெரிகிறது. இந்த இடத்தில் வண்டிக்காரருக்கு நான்கு யோசனை சொல்லப்படும். புது ஸ்டாண்டர்டு பேரிங் செட் வாங்கி அப்படியே போட்டு மூடலாம். கிராங்கில் ராடு மாட்டும் உருளைப் பகுதியான கிராங்க் பின்னை பாலிஷ் செய்து போடலாம். கிராங்கைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி, பின்னின் விட்டத்தை 0.25 மி.மீ. குறைத்துக் கிரைண்டிங் செய்யலாம். அதுவும் வேண்டாம் என்றால் பழைய மார்க்கெட்டில் வேறு கிராங்கோ முழு இன்ஜினோ தேடலாம்.

பெரும்பாலும் கையில் இருக்கும் பணத்தையும், வண்டி எந்த நாளுக்குள் வேண்டும் என்பதையும் வைத்துத்தான் இதில் ஒன்று முடிவாகிறது. அப்படி முடிவெடுப்பதால்தான் ஒரே இன்ஜின் சில மாதங்களில் மறுபடி திறக்கப்படுகிறது. நான்கு வழிகளுமே சரியான வழிகள்தான். ஆனால் எது எந்த இன்ஜினுக்குப் பொருந்தும் என்று சொல்லக்கூடியது கிராங்க் பின்னின் அளவு ஒன்றே. சத்தத்தை வைத்தோ, பேரிங்கைக் கண்ணால் பார்த்தோ சொல்ல முடியாது.

பொதுவாகப் பேசினால் குழப்பம் மிஞ்சும் என்பதால் ஒரே இன்ஜினை எடுத்துக்கொள்கிறேன். மாருதி எஸ்டீமிலும் ஜிப்சி கிங்கிலும் வந்த சுசூகியின் 1.3 லிட்டர் ஜி13 இன்ஜின். எஸ்டீம் 2007-இல் நின்றுவிட்டது, ஜிப்சி 2019 வரை வந்தது, இரண்டும் இன்னும் ஓடுகின்றன. இதன் சர்வீஸ் கையேடு தரும் அளவுகள் இவை. கிராங்க் பின் விட்டம் 41.982 முதல் 42.000 மி.மீ. வரை. பின்னுக்கும் பேரிங்குக்கும் நடுவிலுள்ள இடைவெளியான கிளியரன்ஸ் 0.020 முதல் 0.050 மி.மீ. வரை, அதன் லிமிட் 0.080. பின்னில் ஓவலோ (வட்டம் கெடுவது) டேப்பரோ (ஒரு முனை சிறுப்பது) 0.01 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. கிரைண்டிங் செய்தால் பின் 41.732 முதல் 41.750-க்குள் வர வேண்டும். ராடு பேரிங் இரண்டே அளவில் வருகிறது, ஸ்டாண்டர்டும், கிரைண்டிங் செய்த பின்னுக்கான 0.25 அண்டர்சைஸும். அண்டர்சைஸ் பேரிங்கின் முதுகில் யுஎஸ்025 என்று முத்திரை இருக்கும், ஸ்டாண்டர்டில் எதுவும் இருக்காது.

இந்த எண்களில் அதிகம் தவறாகப் படிக்கப்படுவது 0.080. "லிமிட்டுக்குள்ளதான் இருக்கு, போட்டுடலாம்" என்று சொல்வதைப் பல ஒர்க்ஷாப்பில் கேட்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் பழைய இன்ஜினை எப்போது பிரிக்க வேண்டும் என்று சொல்வதற்கான எண் அது. பிரித்து மறுபடி பூட்டும்போது பார்க்க வேண்டியது 0.020 முதல் 0.050 வரை உள்ள ஸ்டாண்டர்டு அளவை. புதுப் பேரிங் போட்டு 0.070 வைத்துப் பூட்டினால், தேய்ந்து முடிய வெறும் 0.010 மீதி வைத்துப் பூட்டுகிறோம் என்று பொருள்.

இவ்வளவு சின்ன இடைவெளிக்கு ஏன் இவ்வளவு கவலை? ஓடும்போது பின் பேரிங்கைத் தொடுவதில்லை. பின் சுற்றும் வேகத்தில் ஆயிலைத் தன்னோடு இழுத்து, குறுகிக்கொண்டே போகும் சந்துக்குள் தள்ளுகிறது. மழைத்தண்ணீர் தேங்கிய ரோட்டில் வேகமாகப் போகும் டயர் தண்ணீர்மேல் ஏறி மிதப்பதைப் போல, பின் ஆயில் படலத்தின்மேல் ஏறி மிதக்கிறது. எரியும் வாயு பிஸ்டனை அழுத்தும் பாரத்தைத் தாங்குவது இந்தப் படலம்தான், ஆயில் பம்ப்பின் அழுத்தம் அல்ல. பம்ப்பின் வேலை அங்கே ஆயிலைக் கொண்டுவந்து சேர்ப்பது மட்டும்.

கிளியரன்ஸ் கூடினால் இரண்டு கெடுதல். ஒன்று, பாரம் தாங்கும் பரப்பு குறுகி ஒரே இடத்தில் அழுத்தம் ஏறுகிறது. மேல்பூச்சு அலுத்து வெடித்து உதிர்கிறது. இரண்டாவது, ஓரங்கள் வழியாக ஆயில் வெளியேறுகிறது. அந்தக் கசிவு இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். மற்றவை மாறாதபோது 0.030 என்பது 0.060 ஆனால் கசிவு இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். நான்கு ராடு பேரிங்கும் கிராங்கை பிளாக்கில் தாங்கும் ஐந்து மெயின் பேரிங்கும் இப்படி ஒழுகினால் ஐடிலில் பம்ப்பால் ஈடுகொடுக்க முடியாது. ஆயில் விளக்கோ பல கார்களில் அழுத்தம் அரை பாரை ஒட்டி இறங்கிய பிறகுதான் எரியும். விளக்கு எரியவில்லை என்பதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ள முடியாது.

இனி முதல் வழி. புது ஸ்டாண்டர்டு செட் மட்டும் போடுவது. இதைத் தரக்குறைவான வேலை என்று ஒதுக்குபவர்கள் உண்டு, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பேரிங்கின் மேல்பூச்சு பின்னைவிட மென்மையானது. தேய வேண்டியது அதுதான், அப்படித்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. ஆயிலை ஒழுங்காக மாற்றி ஓட்டிய வண்டியில் பேரிங் தேய்ந்து பின் அப்படியே இருப்பது சகஜம்.

இரண்டு இன்ஜின்களை வைத்துப் பார்ப்போம். இரண்டிலும் பழைய பேரிங்கோடு கிளியரன்ஸ் 0.075. முதல் இன்ஜினில் பின் 41.985. புதுப் பேரிங் போட்டு கேப்பை முறுக்கியதும் உள்விட்டம் 42.020 என்று வைத்துக்கொண்டால் கிளியரன்ஸ் 0.035. அருமையான அளவு, கிராங்கைத் தொடவே வேண்டாம். இரண்டாவது இன்ஜினில் பின் 41.955. அதே புதுப் பேரிங்கில் கிளியரன்ஸ் 0.065. சத்தம் கொஞ்ச நாள் அடங்கும், அப்புறம் திரும்ப வரும். பழைய பேரிங்கோடு அளந்தால் இந்த இரண்டு இன்ஜினையும் பிரித்துச் சொல்லவே முடியாது. அதனால்தான் புதுப் பேரிங்கைப் போட்டு அளக்க வேண்டும், பின்னைத் தனியாகவும் அளக்க வேண்டும்.

பின்னை எப்படி அளப்பது என்பதும் முக்கியம். ஒரே இடத்தில் ஒரு அளவு எடுத்தால் போதாது. பின்னின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும், ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு அளவு. பாரம் ஒரு பக்கமாகவே விழுவதால் பின் சீராகத் தேயாது, ஓவலாகும். ராடு வளைந்திருந்தால் டேப்பராகும். முன்பக்கம் 41.985, பின்பக்கம் 41.968 என்று வந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் 0.017. நடுவில் எடுத்த அளவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பின் கிரைண்டிங்குக்குத்தான் போக வேண்டும்.

எதைக்கொண்டு அளப்பது? இங்கே பிளாஸ்டிகேஜும், பின்னை அளக்கும் மைக்ரோமீட்டரும் துளையை அளக்கும் போர் கேஜும் சேர்ந்த ஜோடியும் போட்டியிடுகின்றன. பிளாஸ்டிகேஜ் என்பது மெழுகு போன்ற மெல்லிய பிளாஸ்டிக் நூல். பின்னையும் பேரிங்கையும் ஆயில் இல்லாமல் துடைத்து, நூலை நீளவாக்கில் வைத்து, கேப்பை முழு டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்கிக் கழற்றினால் நசுங்கிய அகலம் கிளியரன்ஸைச் சொல்லும். நமக்கு வேண்டியது பச்சை நிறம், அது 0.025 முதல் 0.076 வரை காட்டும். சிவப்பு 0.051-இல்தான் தொடங்குகிறது, ஆகவே புதிதாகப் பூட்டும் வேலைக்கு உதவாது. முறுக்கும்போது கிராங்க் கொஞ்சமும் சுழலக் கூடாது. கடையில் வருடக்கணக்கில் கிடந்து காய்ந்த நூல் தப்பான அளவு தரும்.

மைக்ரோமீட்டர் என்றால் 0.001 மி.மீ. படிக்கக்கூடியது வேண்டும். பல பட்டறைகளில் இருக்கும் 0.01 மைக்ரோமீட்டர் இந்த வேலைக்குப் போதாது. நம் ஸ்டாண்டர்டு அளவின் அகலமே 0.030தான், அதில் மூன்றில் ஒரு பங்கை அது ஒரே கோட்டில் விழுங்கிவிடும். நல்ல முறை ஒன்று உண்டு. மைக்ரோமீட்டரை அந்தப் பின்னின்மேல் வைத்துப் பூட்டி, அதே மைக்ரோமீட்டருக்குள் டயல் போர் கேஜை வைத்து முள்ளைச் சுழியத்தில் நிறுத்த வேண்டும். அப்புறம் பேரிங் மாட்டி முறுக்கிய ராடுக்குள் போர் கேஜை விட்டால், முள் காட்டுவதே கிளியரன்ஸ். மைக்ரோமீட்டரில் சின்னப் பிழை இருந்தாலும் அது இரண்டு பக்கமும் கழிந்துபோகும். போர் கேஜை கேப் சேரும் இணைப்புக்கு நேர்க்குறுக்காகப் பிடிக்க வேண்டும். இணைப்பை ஒட்டிய இடத்தில் பேரிங் வேண்டுமென்றே மெலிதாகச் செய்யப்பட்டிருப்பதால் அங்கே அளந்தால் கிளியரன்ஸ் கூடுதலாகத் தெரியும்.

வெப்பத்தையும் மறக்கக் கூடாது. 42 மி.மீ. எஃகு 15 டிகிரி சூடேறினால் சுமார் 0.007 மி.மீ. விரியும். கிரைண்டிங் மிஷினிலிருந்து அப்போதுதான் இறக்கிய கிராங்கையும், நிழலில் கிடந்த ராடையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். இரண்டையும் ஒரே இடத்தில் ராத்திரி முழுக்க வைத்துக் காலையில் அளப்பது நல்லது. சம்ப்பை மட்டும் இறக்கிக் கீழிருந்து பார்க்கும் வேலைக்கு பிளாஸ்டிகேஜ் போதும். கிராங்க் வெளியே வந்துவிட்டால் மைக்ரோமீட்டர் இல்லாமல் முடிவெடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

இரண்டாவது வழியான பாலிஷ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது எடுக்கும் பொருள் சில மைக்ரான்கள்தான். லேசான கோடுகளையும் நிறமாற்றத்தையும் அது நீக்கும். ஓவலையும் டேப்பரையும் சரிசெய்யாது. நகத்தை ஓட்டினால் சிக்கும் கீறலுக்கு பாலிஷ் தீர்வு இல்லை. எமரி நாடாவைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து அதிக நேரம் தேய்த்தால், நல்ல பின் மேடுபள்ளமாகும்.

மூன்றாவது வழி கிரைண்டிங். ஓவல், டேப்பர், ஆழமான கீறல், புதுப் பேரிங்கிலும் கிளியரன்ஸ் 0.050-ஐத் தாண்டும் பின் என்று எது இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். பயப்படுகிறவர்கள் சொல்வது, "கிராங்க் வீக் ஆகிடும்". கால் மில்லிமீட்டர் குறைவதால் கிராங்க் உடைந்துவிடாது, சுசூகியே அந்த அளவுக்கு பேரிங் தருகிறது. உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பின் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் மூலையில் ஒரு வளைவு இருக்கும். கிரைண்டிங் கல்லின் விளிம்பு கூராக இருந்து அந்த வளைவைச் சதுர மூலையாக்கிவிட்டால், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். கிராங்கைத் திரும்ப வாங்கும்போது முதலில் விளக்கு வெளிச்சத்தில் அந்த மூலையைப் பாருங்கள். அப்புறம் ஆயில் துளையின் வாயைப் பாருங்கள். அதன் விளிம்பு மழுங்கலாக இருக்க வேண்டும், கூராக இருந்தால் புதுப் பேரிங்கை அது செதுக்கும்.

கிரைண்டிங்கில் பேரிங்கைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று கிராங்கை மட்டும் லேத்துக்கு அனுப்புவதுதான் பெரிய தவறு. முதலில் 0.25 பேரிங்கை வாங்கி, அதே ராடுகளில் மாட்டி, நட்டுகளை 33 முதல் 37 நியூட்டன் மீட்டருக்குள் முறுக்கி உள்விட்டத்தை அளக்க வேண்டும். 41.776 என்று வந்தால் லேத்காரரிடம் "0.25 அடிங்க" என்று மட்டும் சொல்லாமல், "பின் 41.741 வேணும்" என்று எழுதிக் கொடுக்கலாம். கிளியரன்ஸ் சரியாக 0.035-இல் நிற்கும். "0.25" என்று மட்டும் சொன்னால் 41.750-உம் சரி, 41.732-உம் சரி. அதே பேரிங்கில் ஒன்று 0.026 தரும், மற்றது 0.044 தரும். இரண்டுமே ஸ்டாண்டர்டுக்குள்தான், ஆனாலும் நான்கு பின்னும் நான்கு விதமாக இருக்க வேண்டிய அவசியம் என்ன? நல்ல லேத்காரர்கள் ராடையும் பேரிங்கையும் தாங்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். கேட்காத இடத்தில் கிராங்கைக் கொடுக்க நான் யோசிப்பேன்.

எல்லாக் காருக்கும் இந்த வழி திறந்திருக்காது. ஹோண்டாவின் பல இன்ஜின்களில் ராடு பேரிங் நிறக் குறியீட்டின்படி மைக்ரான் கணக்கில் தேர்ந்தெடுக்கப்படுகிறது. நைட்ரைடிங் செய்த, அதாவது நைட்ரஜன் ஏற்றி மேற்பரப்பைக் கடினமாக்கிய கிராங்கில் அந்தக் கடினமான தோல் மெலிதானது, கிரைண்டிங்கில் அது போனால் மறுபடி நைட்ரைடிங் செய்ய வேண்டும். வண்டித் தயாரிப்பாளர் அண்டர்சைஸ் பேரிங் தருகிறாரா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

0.020-ஐ ஒட்டி இறுக்கமாக வைப்பதா, 0.050-ஐ ஒட்டி லூசாக வைப்பதா என்பதும் ஒரு முடிவுதான். பழைய இன்ஜின் கட்டுபவர்களின் கணக்கு, பின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 42 மி.மீ. பின்னுக்கு 0.042. ரேஸ் இன்ஜினில் ஆர்பிஎம் அதிகம், ராடு துளையே நீள்வட்டமாக இழுபடும், வெப்பத்தைக் கொண்டுபோக ஆயில் நிறைய ஓட வேண்டும், அதனால் அங்கே இன்னும் லூசாக வைப்பார்கள். இறுக்கம் மட்டுமே பாதுகாப்பு இல்லை. கிளியரன்ஸ் குறைந்தால் ஆயில் ஓட்டமும் குறைந்து பேரிங் சூடேறுகிறது. பி.எம்.டபிள்யூ எம்3-இன் வி8 இன்ஜினான எஸ்65-இல் 52 மி.மீ. பின்னுக்கு வைத்த கிளியரன்ஸ் போதுமா, அதோடு 10டபிள்யூ-60 போன்ற கெட்டி ஆயில் ஒத்துப்போகுமா என்று உரிமையாளர்களும் இன்ஜின் கட்டுபவர்களும் வருடக்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். நம் ஊர் வெயிலில், தினசரி ஓடும் ஜிப்சிக்கு நான் வைக்க விரும்புவது 0.030 முதல் 0.040 வரை.

ஆயிலைக் கெட்டியாக்கிக் கிளியரன்ஸை ஈடுகட்டுவது தனி வழியாகவே சொல்லப்படுவதுண்டு. "20டபிள்யூ-50 ஊத்துங்க, சத்தம் போயிடும்." அழுத்தம் ஏறும், சத்தமும் குறையும். ஆனால் ஓவலான பின் ஓவலாகவே இருக்கும். வண்டியை விற்கும்வரை தள்ளிப்போடத்தான் அது உதவும், வாங்குகிறவருக்கு அது துரோகம். 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 போன்ற மெல்லிய ஆயில் கேட்கும் இன்றைய இன்ஜின்களில் ஆயில் வழிகளும் பம்ப்பும் அந்த ஆயிலுக்கென்றே அமைந்தவை, அங்கே இந்த வைத்தியம் இன்னும் மோசம். கேப்பின் முகத்தை அரத்தால் ராவி இறுக்குவதும், பேரிங்குக்குப் பின்னால் தகடு வைப்பதும் இதே ரகம். ராவினால் துளை வட்டமாக இருக்காது. தகடு வைத்தால் பேரிங்கின் சூடு ராடுக்குப் போகும் வழி அடைபடும். ஒரே துண்டாகச் செய்து, பிறகு உடைத்துப் பிரித்த கேப் வரும் இன்றைய ராடுகளில் அந்த முகத்தைத் தொடவே கூடாது.

எந்த வழியானாலும் சுத்தம் செய்வதில் விட்டுக்கொடுக்க முடியாது. 2015-இல் ஹூண்டாய் அமெரிக்காவில் 2011, 2012 மாடல் சொனாட்டா கார்கள் சுமார் 4,70,000-ஐத் திரும்ப அழைத்தது. கிராங்க் தயாரிப்பில் ஆயில் வழிகளில் தங்கிய உலோகத் துகள், ராடு பேரிங்குக்கு ஆயில் போவதைத் தடுக்கக்கூடும் என்பதுதான் காரணம். பெரிய தொழிற்சாலையிலேயே இது நடக்கிறது என்றால், கிரைண்டிங் தூசியோடு வரும் கிராங்கை ஏர் அடித்துவிட்டு மாட்டுவது எப்படிச் சரியாகும்? ஒவ்வொரு ஆயில் துளைக்குள்ளும் நீண்ட பிரஷ் விட்டு, சோப்புத்தண்ணீரும் டீசலும் ஊற்றி, வெள்ளைத் துணியில் கறை வருவது நிற்கும்வரை கழுவ வேண்டும். மாட்டிய பிறகு பம்ப்பும் ஃபில்டரும் ஆயிலால் நிரம்பியபின்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கடைசி வழி, வேறு கிராங்க். கழற்றிய பழைய பேரிங்கின் முதுகில் யுஎஸ்025 முத்திரை இருந்தால் அந்தக் கிராங்க் ஏற்கெனவே ஒருமுறை கிரைண்டிங் கண்டது. வெளிச்சந்தையில் 0.50 பேரிங் கிடைத்தாலும் சுசூகி அந்த அளவைத் தரவில்லை, நான் அந்தக் கிராங்கை விட்டுவிடுவேன். சென்னை புதுப்பேட்டை மாதிரி இடத்துக்கு மைக்ரோமீட்டரோடு போக வேண்டும். பின் அளவு, மூலை வளைவு, அப்புறம் வி வடிவத் தாங்கியான வி-பிளாக்கில் வைத்துச் சுழற்றி, கிராங்கே வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெயின் பேரிங்கில் அமரும் நடு ஜர்னலில் ஆட்டம் 0.06 மி.மீ.க்கு மேல் இருந்தால் வேண்டாம். பேரிங் கருகி ராடு பிடித்துக்கொண்ட இன்ஜினிலிருந்து வந்தது என்றால் விரிசல் சோதனையும் அவசியம்.

இதில் பலர் கணக்கில் சேர்க்காத ஒரு செலவு உண்டு. இந்த இன்ஜினில் ஸ்டாண்டர்டு மெயின் பேரிங் ஐந்து கனத்தில் வருகிறது, பச்சை, கருப்பு, நிறமில்லாதது, மஞ்சள், நீலம் என்று. எது எங்கே என்பதைக் கிராங்கின் மேல் குத்தியிருக்கும் 1, 2, 3 எண்களும், பிளாக்கில் குத்தியிருக்கும் ஏ, பி, சி எழுத்துகளும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. வேறு கிராங்க் வந்தால் பழைய கிராங்குக்குப் பொருந்திய நிறங்கள் இதற்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. ராடு பேரிங்குக்கான ஆயில் மெயின் பேரிங்கைத் தாண்டித்தான் வருகிறது, அங்கே ஒழுகினால் ராடுக்குப் பங்கு குறையும். எனவே கிராங்கின் விலையோடு ஐந்து மெயின் பேரிங்கின் விலையையும் கூட்டி, அந்தத் தொகையைக் கிரைண்டிங் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் பேரம் பேசத் தொடங்குங்கள்.